ஏகமனதாக எருசலேம்

முதல் ஆராதனை முடியும்போது மணி ஏழே முக்கால். ஆசீர்வாதத்துக்கு எழுந்து நின்றவர்களைச் செல்வதுரை உட்காரச் சொன்னார். ஆசீர்நகர் சபையில் அறிவிப்புக்குப் பிறகுதான் ஆசீர்வாதம். ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு யாரும் அறிவிப்பைக் கேட்காமல் ஓடிவிடக் கூடாது.

"புனித பூமி யாத்திரை ரத்து என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தவறு. யாத்திரை பக்கத்தில் வந்திருக்கிறது."

செல்வதுரை யாத்திரைக் கமிட்டியின் செயலர். ஓய்வுபெற்ற சார்பதிவாளர். நிலத்தை ஒருவர் பேரிலிருந்து இன்னொருவர் பேருக்கு மாற்றி முப்பது வருடம் பழகிய கை.

"அங்கே சண்டை வந்தது, தள்ளிவைத்தோம். மறுபடி வந்தது, மறுபடி தள்ளிவைத்தோம். இனியும் தள்ளினால் கமிட்டியின் பதவிக்காலம் முடிந்துவிடும். ஆகவே நேற்றுக் கூடிய கமிட்டி, தூத்துக்குடி மாவட்டத்தை ஓராண்டு காலத்துக்குப் புனித பூமியாக ஏகமனதாக அங்கீகரித்திருக்கிறது. இரண்டு மூன்று பேர் கூடினாலே ஆண்டவர் அங்கே வருகிறார். நாங்கள் ஏழு பேர் கூடினோம்."

சபைப் போதகரை ஊரில் ஐயர் என்பார்கள். ஐயர் புதிதாக மாற்றலாகி வந்தவர். "கர்த்தருக்குச் சித்தமானால், கமிட்டிக்கும் சித்தமானால்" என்று சொல்லிவிட்டு ஆசீர்வாதம் கொடுத்தார்.

பின்வரிசையில் பால்துரை எழுந்திருக்கவில்லை.

பால்துரைக்குத் துறைமுகச் சாலையில் மளிகைக்கடை. சந்தேகம் அவருக்குத் தொழில். புளி வாங்கினால் உடைத்துப் பார்ப்பார். மல்லி வாங்கினால் முகர்ந்து பார்ப்பார். ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், கொடுத்தது சொந்த மச்சினனாக இருந்தாலும். கோயிலில் மட்டும் எதையும் உடைத்துப் பார்ப்பதில்லை. அங்கே உடைத்துப் பார்க்கிறவர்களுக்கு அசன விருந்தில் கடைசிப் பந்தி.

முதல் பந்தி பு.பூ.க்களுக்கு. புனித பூமி போய் வந்தவர்கள் பேருக்கு முன்னால் பு.பூ. போட்டுக்கொள்ளலாம் என்பது பழைய கமிட்டியின் தீர்மானம். கல்யாணப் பத்திரிகையில் பு.பூ. போடுவார்கள். கல்லறையிலும் போடுவார்கள். கோயிலில் முதல் இரண்டு பெஞ்சில் அவர்களுக்கு மெத்தை உண்டு. மெத்தையில் உட்கார்ந்தவர்கள் முழங்கால்படியிட வேண்டியதில்லை. எருசலேமிலேயே முழங்கால்படியிட்டாயிற்று என்று ஒரு விளக்கமும் இருந்தது.

பால்துரைக்கு மெத்தை வேண்டாம். அவர் பேர் கொடுத்தது வடிவம்மாளுக்காக.

வடிவம்மாள் அவர் மனைவி. அவள் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுக்கொண்டே வந்தது. பக்கவாட்டில் பார்வை ஏற்கனவே போய்விட்டது. நேராக மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி தெரியும். திருநெல்வேலி டாக்டர் பால்துரையை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "அம்மா எதையாவது பாக்கணும்னு ஆசப்பட்டா, இந்த வருசத்துக்குள்ள காட்டிருங்க" என்றார். வெளியே வந்து பால்துரை அவளிடம் கேட்டார். தாஜ்மஹாலா, ஊட்டியா. அவள் யோசிக்காமல் சொன்னாள்.

"எருசலேம்."

இரண்டு பாஸ்போர்ட்டும் விசாவுக்கென்று கமிட்டியிடம் போயின. அதற்குப் பிறகு அவற்றைக் கண்ணால் பார்க்கவில்லை.

அறிவிப்பு முடிந்து பால்துரை நேராகக் கமிட்டி அறைக்குப் போனார்.

"சார், சண்ட நின்னு ரெண்டு மாசம் ஆகுதே. நாகர்கோவில்ல ஒரு ஆளு அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறான். விசாரிச்சிட்டேன்."

"சண்டை நின்னிருக்கலாம் அண்ணாச்சி. தீர்மானம் நிக்கலையே."

"அப்ப எங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் குடுத்திருங்க."

செல்வதுரை பீரோவைக் காட்டினார். உள்ளே நற்கருணைப் பாத்திரங்களோடு பாஸ்போர்ட்டுகளும் வைத்துப் பூட்டியிருந்தது.

"யாத்திரை முடிஞ்சாத்தான் பாஸ்போர்ட். முடிஞ்சதுக்கு அத்தாட்சி, நீங்க கோயில்ல வந்து சாட்சி சொல்லணும். அதான் முறை."

"எனக்கு யாத்திரை வேண்டாம் சார். பாஸ்போர்ட் போதும்."

"அது எப்படி? பாஸ்போர்ட்டக் கையில குடுத்தா நீங்க வேற எங்கயாவது போயிருவீக."

"எங்க சார் போவேன்?"

"எருசலேமுக்கு."

பால்துரை தலையைத் தூக்கினார். சுவரில் பழைய யாத்திரைகளின் போட்டோ மாட்டியிருந்தது. எல்லாப் போட்டோவிலும் செல்வதுரை கையைத் தூக்கி எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எதை என்பது எந்தப் போட்டோவிலும் விழவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கோயில் வாசலில் பஸ் நின்றது. முன்கண்ணாடியில் 'புனித பூமி' என்று பேனர். கீழே சின்ன எழுத்தில் 'வழி: ஆத்தூர்'. பஸ் படியில் கோயில்பிள்ளை நின்றார். மணி அடிக்கிறவர். அன்றைக்கு அவருக்குத் தொப்பி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"யாத்திரையின் நோக்கம் என்ன?" என்று வடிவம்மாளைக் கேட்டார்.

"ஏலே, நேத்து எங்க கடைல நின்னு ஒரு மணி நேரம் கதையடிச்சியே. அப்பக் கேட்டிருக்கலாம்லா?"

"கேக்கச் சொல்லியிருக்காக மயினி. முறுக்கு டப்பாவையும் வாங்கச் சொல்லியிருக்காக."

"எதுக்கு?"

"ஏர்போர்ட்ல வாங்குவாகளாம்."

டப்பா முன் சீட்டுக்குப் போனது. திரும்பி வரவில்லை.

பஸ் கிளம்பியதும் செல்வதுரை மைக்கைப் பிடித்தார். எல்லோரும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும் என்றார். இனி புனித பூமி நேரம். ஆறு மணிக்கு ஏறியவர்கள் மூன்றரை மணிக்குப் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். பால்துரை தன் கடிகாரத்தைத் திருப்பவில்லை. சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டார்.

ஆத்தூர்ப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே ஓடிய ஆறுதான் யோர்தான். இறங்க அவகாசம் இல்லை. தண்ணீர் முன்னமே வந்துவிட்டது என்றார்கள். ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில், மேலே 'யோர்தான்' என்று அச்சடித்த தாள். பால்துரை தாளின் ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதில் விலையும், எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்பதும் இருந்தன. அவர் கடையிலேயே பெட்டி பெட்டியாக நின்ற யோர்தான் அது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் வடிவம்மாள்.

"யோர்தான்னு போட்டிருக்கு."

"குடிச்சா எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரிதான் இருக்கு."

அவள் கொஞ்சம் குடித்துவிட்டு மூடிவைத்தாள்.

மாவட்டத்திலேயே இருக்கிற நாசரேத் ஊரின் ரயில் நிலையத்தில் எல்லோரையும் இறக்கி மஞ்சள் பலகைக்குக் கீழே நிறுத்தினார்கள். மூன்று மொழியிலும் நாசரேத் என்றே எழுதியிருந்தது. பால்துரைக்கு அதில் பொய் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே அவருக்குக் கூடுதலாகச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஜெஸ்மி டீச்சர் பலகையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். ஜெஸ்மி டீச்சர் ஆத்தூர்ப் பாலத்திலும் அழுதிருந்தார். வெளியே நின்ற ஆட்டோக்காரர், "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"ஐயா," என்றார் பால்துரை, போதகர் பக்கம் போய். "இது ஆண்டவரு வளந்த நாசரேத் இல்லையே?"

ஐயர் முதலில் செல்வதுரை எங்கே நிற்கிறார் என்று பார்த்தார்.

"ஆண்டவர் இல்லாத நாசரேத் ஒன்று உண்டுமா அண்ணாச்சி?"

பதில் அழகாகத்தான் இருந்தது. புளி மாதிரி உடைத்து உள்ளே கொட்டை இருக்கிறதா என்று பார்க்கப் பால்துரைக்கு வழி தெரியவில்லை.

ஆலந்தலைக் கடற்கரையில் கலிலேயா. வல்லம் என்கிற மீன்படகின் நிழலில் ஒருவர் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். செல்வதுரை அவரிடம் திட்டத்தை விளக்கினார். "என் பின்னே வா என்று நான் கை காட்டுவேன். நீங்க வலையப் போட்டுட்டு எந்திரிச்சு என் பின்னால வரணும். போட்டோ எடுத்துக்கிடுவோம்."

"பின்னால வந்தாச் சாப்பாடு உண்டுமா?"

வடிவம்மாள் சிரித்துவிட்டாள். காலையில் தின்ற இட்லி எல்லோருக்கும் எப்போதோ கரைந்திருந்தது. வெயில் உச்சியில் நின்றது.

"புனித பூமி நேரப்படி இப்ப மணி பத்தரைதான்" என்றார் செல்வதுரை. "சாப்பாட்டுக்கு இன்னும் இருக்கு."

"அப்ப நான் வலையோடயே இருந்துக்கிடுதேன்."

கடைசியில் கமிட்டிப் பொருளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, எழுந்து, செல்வதுரை பின்னால் நடந்தார். வலைக்காரர் அதைக் கடைசிவரை பார்த்தார்.

"இவுக எங்கன இருந்து வாராக?" என்று பால்துரையிடம் கேட்டார்.

"தூத்துக்குடி."

"அங்க கடல் இல்லையாக்கும்?"

திரும்புகிற வழியில் ஒரு குளத்தருகே பஸ் நின்றது. இரண்டு எருமைகள் தண்ணீரில் கிடந்தன. செல்வதுரை பால்துரையிடம் வந்து தோளில் கை வைத்தார். அதுவரை அவர் அப்படிக் கை வைத்ததில்லை.

"இது சீலோவாம் குளம் அண்ணாச்சி. குருடன் கண் கழுவின குளம். மயினியக் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு டாக்டரு சொட்டு மருந்து குடுத்திருக்காரு. இந்தத் தண்ணி படக் கூடாது."

"கமிட்டி அறிக்கையில ஒரு அற்புதம் வேணும். போன கமிட்டி ரெண்டு போட்டிருக்கு."

"வேண்டாம் சார்."

"அண்ணாச்சி, பாஸ்போர்ட் என் பீரோவுலதான் இருக்கு" என்று செல்வதுரை மிகவும் அன்பாகச் சொன்னார்.

வடிவம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவளே இறங்கி வந்தாள். கரையில் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு வைத்தாள். போட்டோக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணத் திறங்க. ஏதாவது தெரியுதா?" என்றார் செல்வதுரை.

"தண்ணி தெரியுது."

"ஸ்தோத்திரம்!"

"எருமை தெரியுது."

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

"காலைலயும் தெரிஞ்சிச்சே" என்றாள் வடிவம்மாள். அப்போது பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஜெஸ்மி டீச்சரின் அழுகையில் எருமைகள் இரண்டும் எழுந்து அக்கரைக்குப் போயின.

ஊருக்குள் பஸ் நுழையும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. கோயிலின் வடக்கு மதிலருகே கடைசிக்கு முந்தின நிறுத்தம். போன வருடம் செல்வதுரை மேற்பார்வையில் கட்டிய மதில். ஐப்பசி மழையில் விழுந்தது. கல்லை இன்னும் அள்ளவில்லை.

"எரிகோ" என்றார் செல்வதுரை மைக்கில். "அந்த எரிகோ மதிலை ஜனங்கள் ஏழு நாள் சுற்றிவந்து, எக்காளம் ஊதி, ஆர்ப்பரித்த பிறகுதான் விழுந்தது. நம் மதிலை யாரும் சுற்றவில்லை. ஒருவரும் ஊதவில்லை. ஒரே மழை. விசுவாசம் எங்கே அதிகம் என்று நீங்களே யோசியுங்கள்."

சிலர் கல்லில் ஒரு துண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். பால்துரை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். மாவாக உதிர்ந்தது.

பிறகு பஸ் வளைந்து, காலையில் ஏறிய அதே வாசலில் நின்றது. செல்வதுரை எழுந்து நின்று கையைத் தூக்கிச் சுட்டிக் காட்டினார்.

"எருசலேம்!"

எல்லோரும் தங்கள் கோயிலைப் பார்த்தார்கள். முன் சீட்டுக்காரர்கள் முதலில் கைதட்டினார்கள். பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். தட்டினால் இறங்கலாம் என்று தோன்றியது.

வடிவம்மாள் பால்துரையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். கைதட்டலில் விழித்தாள். அந்த வெளிச்சத்தில் அவளுக்கு எதுவும் தெரியாது.

"ஏங்க, எங்க வந்திருக்கோம்?"

பால்துரை அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வீட்டுக்கு" என்றார்.

வீட்டில் சாப்பிட்டு முடித்து, அவள் தரையில் உட்கார்ந்து மறுநாளைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்கு அவளுக்குக் கண் வேண்டியதில்லை. பால்துரை சாக்கு மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏளா வடிவு. நாளைக்குக் கோயில்ல ஒரு வார்த்த சொல்லணும். 'எருசலேமைக் கண்டேன்.' அம்புட்டுதான். சொன்ன ஒடனே பாஸ்போர்ட் கையில."

"சொன்னா?"

"திங்கக்கிழம நாகர்கோவிலுக்குப் போயி அந்த ஆளப் பாத்துருவேன். அடுத்த மாசம் நாம ரெண்டு பேரும் பிளேன்ல இருப்போம்."

அவள் ஒரு வெங்காயத்தை உரித்துப் போட்டாள்.

"நீங்க கண்டீகளா?"

"கமிட்டி கண்டதாச் சொல்லுது."

"நான் கமிட்டியக் கேக்கல."

பால்துரை மடித்த சாக்கைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நீங்க மொதல்ல சொல்லுங்க" என்றாள். "நான் கேட்டுக்கிடுதேன்."

மறுநாள் சாட்சி ஆராதனை. பலிபீடத்துக்கு முன்னால் ஒரு மேஜை. மேஜையில் பொன்னாடைகள். பக்கத்தில் காணிக்கைத் தட்டு. அன்றைக்குத் தட்டில் காணிக்கைக்குப் பதில் பாஸ்போர்ட்டுகள் அடுக்கியிருந்தன. சாட்சி சொல்கிறவர் மைக்கின் முன் நின்று சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். விருப்பமுள்ளவர்கள் கூட்டிச் சொல்லலாம். குறைத்துச் சொல்லக் கூடாது.

ஜெஸ்மி டீச்சர் கூட்டிச் சொன்னார். "எருசலேமைக் கண்டேன். எருசலேமில் கால் வைத்ததும் எனக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது. அதே காற்று. அதே கொசு." செல்வதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்னாடை போர்த்தினார். "பு.பூ. ஜெஸ்மி!" என்றார். சபை கைதட்டியது. டீச்சர் பாஸ்போர்ட்டோடு மெத்தைப் பெஞ்சுக்குப் போனார்.

அடுத்து பால்துரை.

அவருக்குப் பின்னால் சுவரில் பத்துக் கட்டளைகள் எழுதியிருந்தன. இத்தனை வருடம் பின்வரிசையிலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தவை. இப்போது அவை முதுகுப் பக்கம் இருந்தது வசதியாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் வடிவம்மாள் எங்கே என்று பார்த்தார். அவள் முகத்தைச் சரியாக அவர் குரல் வரப்போகிற இடத்துக்குத் திருப்பி வைத்திருந்தாள்.

ஒரு மாதம், என்று நினைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் நிஜமாகவே கண்டுவிட்டால் இது முன்கூட்டிச் சொன்ன நிஜம்தான். இதை வேறு யாராவது கடையில் வந்து சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

"எருசலேமைக் கண்டேன்" என்றார்.

கைதட்டினார்கள். தோளில் பொன்னாடை விழுந்தது. கையில் பாஸ்போர்ட் வந்தது. பழக்க தோஷத்தில் அதைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடையதுதான். வடிவம்மாளுடையது தட்டில் இருந்தது.

"அடுத்த சாட்சி," என்றார் செல்வதுரை, குரலை உயர்த்தி, "சீலோவாம் குளத்தில் கண் தெளிந்த சகோதரி வடிவம்மாள்!"

சபை எழுந்து நின்று பார்த்தது. பால்துரை போய் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். கண் தெளிந்தவளை எதற்குக் கைப்பிடித்துக் கூட்டிவருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. மைக் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு அவள் நின்றாள். செல்வதுரை ஒரு கையில் பொன்னாடையும் மறு கையில் பாஸ்போர்ட்டுமாகத் தயாராக இருந்தார்.

"எருசலேமை..." என்று எடுத்துக் கொடுத்தார் ஐயர்.

"ஐயா, எனக்குச் சாட்சி சொல்லிப் பழக்கமில்ல" என்றாள் வடிவம்மாள். "கல்யாணமாகி வந்த நாள்லருந்து இவுக சொன்னதத்தான் நான் நம்பிக்கிட்டு வாரேன். சொத்தப் பயற நல்ல பயறுன்னு இவுக ஒரு நாளும் வித்ததில்ல. பொய்ச்சாட்சி சொல்லுத ஆளும் இல்ல. நேத்து பஸ்ஸுல நான் இவுக பக்கத்துலதான் இருந்தேன். பஸ்ஸு நின்னதும் எங்க வந்திருக்கோம்னு கேட்டேன். வீட்டுக்குன்னு சொன்னாக. சரின்னு எறங்கிட்டேன். இன்னைக்கு இங்க நின்னு எருசலேமைக் கண்டேன்னு சொல்லுதாக."

பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டிருந்த செல்வதுரையின் கை பாதியில் நின்றது. அவள் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, பக்கத்தில் நிற்கிற மூச்சைத் தேடினாள். மைக் அதையும் சபைக்குச் சொன்னது.

"ஏங்க, எனக்கு மட்டும் ஏன் காட்டல?"